கறி போட்டால் கடிக்குமா?

நாயின் குணத்தைச் சோற்றுத் தட்டில் தேடுகிறோம். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கட்டுக்கதை?

“பச்சைக் கறி போடாதீங்க தம்பி, ரத்த ருசி கண்டா மனுசனையே கடிச்சிடும்.”

நாய் வளர்க்கும் எவரும் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. எதிர்வீட்டுப் பெரியவர் சொல்வார், பால்காரர் சொல்வார், நாய் வளர்த்தே அறியாத சித்தப்பா இன்னும் உறுதியாகச் சொல்வார். இதற்கு நேர்மாறான யோசனையும் ஊரில் உண்டு. தோப்புக் காவலுக்குக் கட்டிய நாய்க்குச் சோற்றில் மிளகாய்த்தூள் கலந்து போட்டால் ரோஷம் வருமாம். ரோஷமெல்லாம் வராது. வயிறுதான் எரியும். வயிறு எரிகிற நாய் உறுமினால், அதற்கு வீரம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

சாப்பாடு நாயின் நடத்தையை மாற்றுமா என்றால், மாற்றும். ஆனால் நாம் நம்பிக்கொண்டிருக்கும் வழியில் மாற்றுவதில்லை. கறி நாயைக் கொடியதாக்குவதில்லை. தயிர்சோறு அதைச் சாதுவாக்குவதும் இல்லை. பசி, வலி, சத்துக்குறை, கெட்டுப்போன வயிறு, இவற்றோடு சாப்பாட்டைச் சுற்றி நாமே உண்டாக்கும் பதற்றம்: நாய் பல்லைக் காட்டும்போது தேட வேண்டிய காரணங்கள் இவைதான்.

புரதமும் கோபமும்

கறிக்கும் கோபத்துக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் நிக்கோலஸ் டாட்மன். அவரது குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில் 50 நாய்கள் இருந்தன. வீட்டாரிடமே சீறும் நாய்கள் 12, ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று திரிபவை 12, வீட்டுப் பக்கம் அந்நியர் வந்தால் பாய்பவை 12, எந்தப் புகாரும் இல்லாதவை 14. எல்லாவற்றுக்கும் 17, 25, 32 சதவீதப் புரதம் கொண்ட மூன்று உணவுகளை இரண்டிரண்டு வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டாரிடம் சீறிய நாய்களிடம் எந்த மாற்றமும் இல்லை. துறுதுறு நாய்களிடமும் இல்லை. எல்லைக் காவல் நாய்களிடம் மட்டும், புரதம் குறைந்தபோது பாய்ச்சலும் குறைந்தது. அதைக் கூர்ந்து பார்த்தபோது, மாறியவை அக்குழுவில் பயத்தினால் பாய்ந்த 7 நாய்கள்தான் என்று தெரிந்தது. அதாவது 50 நாய்களில் ஏழுக்கு, அதுவும் பயந்த சுபாவம் கொண்ட ஏழுக்கு, சாப்பாட்டில் புரத அளவு ஒரு பொருட்டாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு ‘கறி போட்டால் கடிக்கும்’ என்று யாரும் பொதுவிதி எழுத முடியாது.

அந்த ஏழுக்கு ஏன் அப்படி? இதற்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் சுவாரசியமானது. மனதை அமைதிப்படுத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை மூளை, டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. டிரிப்டோபன் புரதத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் கறி தின்றால் செரட்டோனின் கூட வேண்டாமா? நடப்பது வேறு. மூளைக்குள் நுழையும் வழி ஒன்றுதான். அதே வழியில் வேறு பல அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன. காலை எட்டரை மணி மாநகரப் பேருந்துப் படிக்கட்டில் ஒல்லியான பள்ளிக்கூடப் பையன் மாட்டிக்கொள்வதைப் போல டிரிப்டோபன் பின்தங்கிவிடுகிறது. மாவுச்சத்து அதிகமாகச் சாப்பிடும்போது சுரக்கும் இன்சுலின், மற்ற அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் அனுப்பிவிடுகிறது. நெரிசல் குறைய, டிரிப்டோபன் உள்ளே போகிறது.

ஆக, ‘தயிர்சோறு போடுப்பா, சாந்தமா இருக்கும்’ என்ற பாட்டியின் வைத்தியத்தில் துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. துளிதான். டஃப்ட்ஸ் குழுவே 2000-ல் 33 நாய்களிடம் டிரிப்டோபனைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தது. சிலவகைக் கோபத்தில் பலன் தெரிந்தது, துறுதுறுப்பில் தெரியவில்லை. 2009-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், லேசான பயம் கொண்ட வீட்டு நாய்களுக்கு டிரிப்டோபன் கூட்டிய உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டிரிப்டோபன் ஏறியது. நடத்தை மாறவில்லை.

செல்லப்பிராணிக் கடைகளில் ‘மன அமைதி தரும் உணவு’ என்று பளபளக்கும் பாக்கெட்டுகளைக் கையில் எடுக்கும்போது இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். சில நாய்களுக்குப் பயிற்சியோடும் சிகிச்சையோடும் சேர்ந்து அது உதவக்கூடும். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் நாயைத் தனியாக அதுவே மீட்டுவிடும் என்று எதிர்பார்த்தால், காசுக்குக் கேடு.

ஓநாய்க் கட்சியும் தயிர்சோற்றுக் கட்சியும்

நாய் வளர்ப்போரிடம் இன்று இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ‘நாய் ஓநாயின் வாரிசு, அதற்குப் பச்சை இறைச்சியும் எலும்பும்தான் இயற்கை’ என்பது ஒரு கட்சி. ‘எங்க வீட்ல நாங்க என்ன சாப்பிடறோமோ அதுதான் அவனுக்கும்’ என்பது மற்றது. இரண்டாவது கட்சியின் வீடுகளில் நாய் பெரும்பாலும் தயிர்சோற்றிலேயே ஆயுளை ஓட்டிவிடும்.

ஓநாய்க் கட்சிக்குப் பதில் 2013-ல் வந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை. மனிதர் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவர்கள் சோற்றைப் பங்கிட்டுக்கொண்டே நாயின் குடலும் மாறியிருக்கிறது. நம் நாய் அரிசியைச் செரிப்பது பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. அதன் ரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தயிர்சோற்றுக் கட்சி இதைக் கேட்டுக் குதிக்க வேண்டாம். செரிக்கும் என்பது ஒன்று, போதும் என்பது வேறு. வளர்ந்த நாயின் உணவில் உலர் எடைக் கணக்கில் குறைந்தது 18 சதவீதமும், வளரும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தர அளவு. அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம். மேலே ஊற்றும் இரண்டு கரண்டித் தயிர் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. முட்டையோ மீனோ கோழியோ வேண்டும். சைவ வீட்டிலும் நாயை நன்றாக வளர்க்க முடியும்; ஆனால் அதற்குக் கணக்கிட்டுத் தயாரித்த உணவு வேண்டும், மிஞ்சிய சோறு அல்ல.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராஜபாளையம் குட்டி வாங்கினார்கள். நாலு மாதம் இருக்கும். பால் வெள்ளை உடம்பு, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. வந்த புதிதில் எல்லார் மடியிலும் ஏறியது, போகப் போகத் தூக்கினாலே கடிக்க வந்தது. “ராஜபாளையம்னா அப்படித்தான், ஒருத்தர்கிட்டதான் அடங்கும்” என்று வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாதி வீரம் என்று வீட்டுக்காரருக்கும் உள்ளூரப் பெருமைதான். கால்நடை மருத்துவர் மேசைமேல் நிறுத்தியபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. முன்னங்கால் பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. மணிக்கட்டு மூட்டுகள் புடைத்திருந்தன. அந்த மூட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும் குட்டி திரும்பிக் கவ்வியது. காலையில் பால் ஊற்றிய சோறு, ராத்திரி எலும்பு நீக்கிய கோழி, ஈரல். இவ்வளவுதான் சாப்பாடு.

சதைக்கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். அரிசியிலும் கால்சியம் கிடையாது என்றே சொல்லலாம். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிக்கு இந்தக் கணக்கு இடித்தால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். எலும்பு மெலியும், வளையும், வலிக்கும். வலிக்கிற குட்டியை விலாவில் கைகொடுத்துத் தூக்கினால் அது வேறென்ன செய்யும்? உணவைத் திருத்தி, மருத்துவர் அளந்து கொடுத்ததைக் கொடுத்த சில வாரங்களில் அந்தக் குட்டி பழையபடி மடியேறியது. (கடையில் கால்சியம் டானிக் வாங்கி நாமாக ஊற்றுவதும் ஆபத்தே. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணும்.)

வயிறு கெட்டால் குணம் கெடும்

வாயில்லா ஜீவன் என்கிறோம். அதற்கு வாய் இல்லாமலில்லை. வலியைச் சொல்ல நடத்தையைத் தவிர வேறு வழி இல்லை. சில நாய்கள் தரையை, சோபாவை, சுவரை மணிக்கணக்கில் நக்கிக்கொண்டே இருக்கும். மனக்கோளாறு, சலிப்பு என்று எல்லாரும் எண்ணிய இந்தப் பழக்கத்தை மான்ட்ரியல் கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்து 2012-ல் எழுதினார்கள். இப்படி நக்கும் 19 நாய்களின் வயிற்றைச் சோதித்ததில் 14 நாய்களுக்குக் குடல் அல்லது இரைப்பைக் கோளாறு இருந்தது. அதற்கு மருந்தும் உணவும் மாற்றியதும் பாதிக்கு மேற்பட்டவை நக்குவதை நிறுத்தின அல்லது வெகுவாகக் குறைத்தன.

மண் தின்னும் நாயை அடிப்பார்கள். குடற்புழுவோ ரத்தசோகையோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு திட்டலாம். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று நடுக்கூடத்தில் அசுத்தம் செய்தால் ‘வேணும்னே பண்றான்’ என்பார்கள். பல நாய்களுக்குத் தாய்ப்பால் மறந்த பிறகு பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். முந்தின நாள் பாசத்தோடு ஊற்றிய அரை லிட்டர் பால்தான் மறுநாள் கூடத்தில் கிடக்கிறது.

உணவு நேரடியாக மூளையைக் கலக்குவதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம், பிறவியிலேயே கல்லீரல் ரத்தக்குழாய் தடம் மாறிய குட்டிகள். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலில் சுத்தமாகாமல் நேரே உடம்பில் கலந்துவிடும். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறிய இனங்களில் அதிகம் காணப்படும் குறை இது. அந்தக் குட்டி கறி தின்ற சில மணி நேரத்தில் தள்ளாடும், வட்டமடிக்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அமோனியா மூளைக்கு ஏறுவதன் விளைவு. இங்கே மட்டும் பாட்டி சொன்னது முழு உண்மை: கறியைக் குறைப்பது மருந்தின் ஒரு பாதி.

கல்யாண வீட்டு மிச்சத்தை மறந்துவிடக் கூடாது. பிரியாணியில் வெங்காயம் இருக்கிறது. அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும்போது யாருக்கும் பிரியாணி நினைவு வராது. சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பு மெதுவாகவே வெளியேற்றும். இரவெல்லாம் அலைந்து, மூச்சிரைத்து, நடுங்கும் நாய்க்குப் பேய் பிடிக்கவில்லை, பிறந்தநாள் கேக் பிடித்திருக்கிறது. சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் இன்னும் மோசம். அரைமணி, ஒருமணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் சுருண்டு விழும்.

குடல் நுண்ணுயிர்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். மற்ற நாய்கள்மேல் பாயும் நாய்களின் குடலில் வேறுவகை நுண்ணுயிர்க் கூட்டம் இருப்பதாக 2019-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 31 நாய்கள். கோபத்தால் குடல் மாறியதா, குடலால் கோபம் வந்ததா என்பதற்கு அதில் விடை இல்லை. அதற்குள் நாய்க்குப் புரோபயாடிக் விளம்பரங்கள் வந்துவிட்டன!

அடங்காத பசி

லேப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தட்டை வழித்து நக்கிவிட்டு ‘சோறே போடலை’ என்ற முகத்தோடு அது வந்து நிற்பது நடிப்பல்ல. கேம்பிரிட்ஜின் எலினார் ராஃபன் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் சிறு துண்டு காணாமல் போயிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்றுவிக்கப்படும் லேப்ரடார்களில் முக்கால்வாசிக்கு இந்தக் குறை. ஏன் என்று யோசித்தால் புரியும்: தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாய்தானே பயிற்சியில் தேறும்! அதே குழு 2024-ல் சொன்னது இன்னும் பரிதாபம். அந்த நாய்களுக்கு இரு வேளைக்கு நடுவில் பசி கூடுதல்; சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியோ சுமார் 25 சதவீதம் குறைவு. குப்பைக் கூடையைக் கவிழ்த்ததற்கு அதை அடித்துப் பயனில்லை. கூடைக்கு மூடி போடுங்கள். ஒரு நாளைக்கு உரிய சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, தேடித் தின்னும்படி கொடுங்கள்.

பசியைப் போலவே பயமும் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நான்தான் எஜமான்’ என்று காட்டுவதற்காக, சாப்பிடுகிற நாயின் தட்டை நடுவில் பிடுங்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் நாய் வளர்ப்போரிடம் விவரம் திரட்டி 2018-ல் வெளியிட்டபோது, தட்டைப் பிடுங்கும் வீட்டு நாய்களே தட்டைக் காக்க அதிகம் சீறுவதாகத் தெரிந்தது. சாப்பிடும்போது பக்கத்தில் வந்து இன்னும் ருசியான துண்டு ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டுப் போகும் வீடுகளில் அது குறைவு. கை நெருங்கினால் லாபமா நஷ்டமா என்று நாய் கணக்கு வைத்திருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் பரிசோதிக்கவே வேண்டாம். நாய் தின்று முடிக்கும்வரை குழந்தை அந்தப் பக்கம் போகக் கூடாது.

தெருமுனைச் சோறு

கறிக்கடை வாசல் நாய்கள் முரடானவை என்பது ஊர்ப் பேச்சு. பேச்சு பொய்யல்ல; காரணம்தான் தப்பு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கழிவு கொட்டப்படுகிறது. பத்து நாய்கள் வருகின்றன, மூன்றுக்குத்தான் கிடைக்கிறது. அங்கே தயிர்சோறு கொட்டினாலும் அதே சண்டைதான் நடக்கும்.

இரவு பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டரில் வாளியோடு வந்து தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களைப் பாருங்கள். புதிதாக வந்தவர் ஒரே காகிதத்தில் மொத்தத்தையும் கொட்டுவார். கண்ணெதிரே கடிபிடிச் சண்டை நடக்கும். பழகியவர் காகிதங்களைப் பத்தடிக்கு ஒன்றாக விரிப்பார். கிழட்டு நாய்க்கு முதலில், காருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் ஒல்லி நாய்க்குத் தள்ளி வைப்பார். முடியும்வரை நின்று, காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். சோறு ஒன்றுதான், கோழிக்கால் போட்டுக் குழைத்த அரிசிச் சோறு. அதை வைக்கும் விதம் தெருவின் அமைதியைத் தீர்மானிக்கிறது.

இந்தியத் தெருநாய்களை ஆராய்வதில் முன்னோடியான கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் கண்டது: கறி வாசம் எங்கே அடிக்கிறதோ அங்கே முதலில் வாய் வைப்பது இந்த நாய்களின் விதி, ஆனால் கிடைத்துப் பழகியது பெரும்பாலும் ரொட்டி, பிஸ்கட், சோறு. 2017-ல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், முன்பின் தெரியாத மனிதரை நம்பத் தொடங்கத் தெருநாய்க்குத் தீனியைவிடத் தலைதடவல்தான் அதிகம் உதவியது.

2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளியே நாய்களுக்கு உணவிட வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், கண்ட இடத்தில் உணவிடுவதைத் தடுத்து, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்கச் சொன்னது. நாய்ப் பிரியர்கள் பலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. சோறு வரும் இடத்தை நாய் தன் இடமாக்கிக் காக்கும். அந்த இடம் பள்ளி வாசலாக இருக்கக் கூடாது. ஆனால் இடம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் வேலை. ஒதுக்காமல் சோறு வைப்பவரை மட்டும் விரட்டினால், மிஞ்சுவது பசித்த நாய்கள்.

தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பினால், வயதான நாய் வைத்திருப்போருக்கும் நல்ல செய்தி ஒன்று உண்டு. கிழட்டு பீகிள் நாய்களிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் சேர்ந்த உணவோடு நடையும் விளையாட்டும் துணையும் கிடைத்த நாய்கள் மற்றவற்றைவிட நன்றாகப் புதியவற்றைக் கற்றன. சாப்பாடு மட்டும் போதவில்லை, விளையாட்டு மட்டும் போதவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே பலன் முழுதாக வந்தது.

நாயின் குணம் மாறினால், ஒரு வாரம் அது தின்ற அத்தனையையும் எழுதி வையுங்கள், பாப்பா மேசைக்கடியில் போட்ட பிஸ்கட் உட்பட. அந்தத் தாளோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். பயிற்சியாளர் அதற்குப் பிறகு.

ஒன்றை மட்டும் ஒரு வாரம் காத்திருந்து பார்க்காதீர்கள். நேற்றுவரை நன்றாகத் தின்ற நாய் இன்று விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகத் திணறினால், ‘தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்’ என்று வாய்க்குள் கைவிடுவது நம்மூர் வழக்கம். அது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கையை விடாதீர்கள். கடி பட்டாலோ, அதன் எச்சில் காயத்தில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது.